கலிஃபோர்னியா ஒயின் கிளப்பும் கானாடுகாத்தான் வளவும்

கேள்வி: எனக்கு வயது 59. சொந்த ஊர் கானாடுகாத்தான். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறேன். மகன் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறான். ஆண்டுதோறும் சித்திரை முடிந்ததும் நானும் மனைவியும் அங்கே போய், நான்கு மாதம் தங்கி ஆவணியில் திரும்புவோம். சென்ற முறை நாபா பள்ளத்தாக்கில் ஓர் ஒயின் ஆலைக்குப் போனோம். ஐந்து வகை ஒயின் சுவைக்கக் கொடுத்தார்கள், எல்லாமே அருமை. அவர்களுடைய கிளப்பில் சேர்ந்தால் சுவைத்ததற்குக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஆறு பாட்டில், 20 சதவீதத் தள்ளுபடியில் வீட்டுக்கே வருமாம். பாட்டில் விலை சராசரி 55 டாலர். தள்ளுபடி போக, வரியும் அனுப்பும் கூலியும் சேர்ந்து ஒரு பெட்டிக்கு 310 டாலர் ஆகும் என்று மகன் கணக்குப் போட்டான். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். அடுத்த ஆண்டு எனக்கு மணிவிழா. பாட்டில்களைச் சேர்த்துக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளிர்ச்சியான அறையில் வைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு விருந்தில் கொடுக்கலாம் என்பது என் ஆசை. மகன் சேரச் சொல்கிறான். ஆனால் அவன் பீர் தவிர வேறு தொடுவதில்லை. மனைவிக்கு விருப்பமில்லை. எங்கள் பூர்வீக வீட்டின் வளவுக்குள் பாட்டில் வரக் கூடாது என்கிறாள். நான் அங்கே இருக்கும்போது சனிக்கிழமை இரவில் இரண்டு கிளாஸ் குடிப்பேன், அவ்வளவுதான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கிளப்பில் சேரலாமா?

பதில்:

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

இப்போதைக்குச் சேர வேண்டாம். உங்கள் ஆசையில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. 22 ஆண்டுகளாக ஹோட்டல்களுக்கு ஒயின் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுப்பதே என் தொழில்; இப்போது காரைக்குடியைச் சுற்றியுள்ள சில பழைய வீட்டு ஹோட்டல்களுக்கு அந்த வேலையைச் செய்கிறேன். நல்ல ஒயினைக் குடித்து மனம் பறிகொடுத்தவர் ஒருவர் கடிதம் எழுதினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்க்கும்போது அந்தக் கிளப் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒயினின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1976இல் பாரிஸில், பெயரை மறைத்து வைத்து நடத்திய சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்களே பிரெஞ்சு ஒயின்களைத் தாண்டி நாபாவின் இரண்டு ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனா ஆலையின் ஷார்டனே, சிவப்பில் ஸ்டேக்ஸ் லீப் ஆலையின் கேபர்னே சாவின்யான் (திராட்சை வகையின் பெயரே ஒயினுக்கும் பெயர்), இரண்டுமே 1973ஆம் ஆண்டு அறுவடை. அன்று கிடைத்த பெயரை அந்தப் பள்ளத்தாக்கு இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

கிளப் என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்பது உங்களுக்கு எளிதில் புரியும். நகரத்தாரான நம்மவர்கள் மண்டியும் கொடுக்கல் வாங்கலுமாக வாழ்ந்தவர்கள். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது, தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், அவர் கடைக்காரருக்கு விற்க வேண்டும், கடைக்காரர்தான் குடிப்பவருக்கு விற்கலாம் என்ற முறை பெரும்பாலான மாநிலங்களில் வேர்விட்டது. நடுவில் இரண்டு கை மாறினால் சிறிய ஆலைக்கு என்ன மிஞ்சும்? நேரடியாக விற்றால் முழு விலையும் அவர்கள் கையில். 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உள்ளூர் ஆலை நேரடியாக அனுப்பலாம், வெளிமாநில ஆலை அனுப்பக் கூடாது என்று பாகுபாடு காட்டும் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு இந்த வழி நன்றாகவே விரிந்தது. கிளப் என்பது அந்த நேரடி விற்பனையில் ஆலைக்கு மிகவும் பிடித்த வடிவம். உறுப்பினரின் கார்டு எண் அவர்களிடம் இருக்கிறது. குறித்த மாதத்தில் பணம் தானாக வந்துவிடும். எந்த ஒயினை அனுப்புவது என்பதையும் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்வார்கள். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை, நேர்மையான வியாபாரம்தான். ஆனால் 20 சதவீதத்தை அவர்கள் சும்மா விட்டுத்தரவில்லை. எதை வாங்குவது, எப்போது வாங்குவது என்ற உங்கள் உரிமைக்கு அது விலை. அந்த விலை போதுமா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் அந்த ஐந்து கிளாஸைப் பற்றி ஒரு வார்த்தை. சுவைக்க ஊற்றும் அளவு ஒன்றுக்கு 30 முதல் 60 மில்லி வரை இருக்கும். நடுவாக 45 என்று வைத்தால் ஐந்துக்கு 225 மில்லி. ஒரு பாட்டிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. என் தொழிலில் இருப்பவர்கள் வாயில் சுழற்றிவிட்டு அருகில் உள்ள கலயத்தில் துப்பிவிடுவோம். மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் விழுங்கினால் நான்காவது ஒயினுக்கு நாக்கு நீதி சொல்லாது. நீங்கள் விழுங்கியிருப்பீர்கள். வெளியே திராட்சைக் கொடிகள், பக்கத்தில் மகன், சிரித்த முகத்துடன் விளக்கம் சொல்லும் பெண். அந்த நேரத்தில் எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். உடனே கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, அது நல்ல முடிவு.

இனி ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். கிளப் உங்களுக்கு ஆண்டுக்கு 24 பாட்டில் அனுப்பும். செலவு 1,240 டாலர். நீங்கள் அங்கே இருப்பது சுமார் 17 வாரம். சனிக்கிழமைக்கு இரண்டு கிளாஸ் வீதம் 34 கிளாஸ். ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். ஆக உங்கள் தேவை ஏழு பாட்டில். நண்பர்கள் வந்தால் இன்னும் மூன்று என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மீதி 14 பாட்டில். ஒவ்வொன்றும் 51 டாலருக்கு மேல் விழுந்தவை. 723 டாலர் அலமாரியில் நிற்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. திறந்த சிவப்பு ஒயின் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். சனிக்கிழமை இரண்டு கிளாஸ் ஊற்றிவிட்டு மூடி வைத்தால், அடுத்த சனிக்கிழமைக்குள் அது புளிக்கத் தொடங்கியிருக்கும். மகன் தொடமாட்டார், உங்கள் மனைவி ஆச்சியும் தொடமாட்டார். அப்படியானால் மீதி மூன்று கிளாஸை ஒவ்வொரு வாரமும் கொட்ட வேண்டும், அல்லது ஞாயிறும் திங்களும் நீங்களே குடித்துத் தீர்க்க வேண்டும். எனக்கு உண்மையான கவலை இங்கேதான். வாசலில் பெட்டி வந்து குவியும் வீட்டில், எவ்வளவு குடிப்பது என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை, பெட்டி தீர்மானிக்கிறது. வாரத்துக்கு இரண்டு கிளாஸ் என்ற கட்டுப்பாட்டோடு இருந்தவர்கள், பாட்டில் வீணாகிறதே என்ற மனத்தாங்கலில் நான்கு, ஐந்து என்று போனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள். சில வகை மாத்திரைகளோடு, அதுவும் வெறும் வயிற்றில், மது சேர்ந்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். உங்கள் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போய் இதைக் கேட்டுவிடுங்கள். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒயின் விற்றுப் பிழைக்கும் நான் இதை மறைத்தால் உங்களுக்கு ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பெட்டிகள் வரும் காலத்தையும் பாருங்கள். கடும் வெயிலில் லாரியில் போனால் ஒயின் கெட்டுவிடும் என்பதால் பல ஆலைகள் கோடை மாதங்களைத் தவிர்த்து, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் அனுப்புகின்றன. நீங்கள் அங்கே இருப்பதோ கோடையில். நான்கு பெட்டியில் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் அதிகம். மற்றதை மகன் வாங்கி வைக்க வேண்டும். 21 வயது நிரம்பிய ஒருவர் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டியைக் கொடுப்பார்கள். பகலில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது திரும்பிப் போய், மறுபடி அனுப்பக் கூலி கேட்பதும் நடக்கும்.

மீந்தால் என்ன, ஒயின் பழையதாகப் பழையதாக நன்றாகத்தானே இருக்கும் என்று மகன் சொல்லக் கூடும். பலரும் அப்படி நம்புகிறார்கள். விற்பனைக்கு வரும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியது. நல்ல கேபர்னே பத்து ஆண்டுக்கு மேலும் வளரும். ஆனால் இருட்டில், அசையாமல், 12 முதல் 15 டிகிரி வெப்பத்தில் படுத்திருந்தால் மட்டும்.

உங்கள் பின்கட்டு அறைக்கு வருகிறேன். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர், உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வெளியே அனல் வீசும்போது உள்ளே கால் வைத்தால் உடம்பு குளிரத்தான் செய்யும். அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன். இதே போன்ற ஒரு வீட்டில் சித்திரை மதியம் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 31 டிகிரி காட்டியது. மனிதருக்கு அது சுகம். ஒயினுக்கு அது உலை. அந்த அறையில், பர்மாத் தேக்கு பீரோவின் மேல் தட்டில், நான்கு ஆண்டுகளாக ஒரு பாட்டில் நின்றிருந்தது. வீட்டுக்காரர் ஆசையாக எடுத்துக் கொடுத்தார். கழுத்தில் சுற்றியிருந்த தகட்டைத் திருகினேன், நகரவில்லை. கத்தியால் கீறி எடுத்தால், கார்க் ஒரு நகக்கண் அளவு மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஓரத்தில் கசிந்த ஒயின் வெல்லப்பாகு போல இறுகி ஒட்டியிருந்தது. கிளாஸில் ஊற்றியபோது சிவப்பு இல்லை, செங்கல் நிறம். முகர்ந்தால் வேகவைத்த உலர்திராட்சையின் வாடை. வெப்பத்தில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது, அந்த இடைவெளியில் காற்று போயிருக்கிறது. அவருடைய மருமகன் எத்தனையோ ஆயிரம் மைல் சுமந்து வந்த பாட்டில் அது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கொட்டச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

சுமந்து வருவதும் நீங்கள் நினைப்பது போல இல்லை. இந்தியாவுக்குள் வரும் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக் கூடிய மது இரண்டு லிட்டர். ஒரு பாட்டில் 750 மில்லி. இரண்டு பாட்டில் வைத்தால் ஒன்றரை லிட்டர், மூன்றாவதை வைத்தால் அளவைத் தாண்டிவிடும். உங்களுக்கு இரண்டு, ஆச்சிக்கு இரண்டு. இருவர் அளவையும் கூட்டி ஐந்தாகக் கேட்கவும் முடியாது. அதற்கு மேல் போனால் சுங்கத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். மதுவுக்கு அந்த வரி கனமானது. மகன் தபாலில் அனுப்பலாம் என்றால், அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்பதே இல்லை; பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும். ஆக, 24 பாட்டில் சேர்த்தாலும் மணிவிழாவுக்கு வந்து சேர்வது நான்கு.

விருந்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. பரிமாறுவது ஹோட்டல், கிளப் போன்ற உரிமம் பெற்ற இடங்களில்தான். வீட்டில் ஒருவர் சொந்தக் குடிப்புக்கு வைத்திருப்பதற்கும் அளவு உண்டு. நூறு பேர் கூடும் விழாவில் பாட்டில் திறப்பது வேறு விஷயம். அப்படி ஓர் எண்ணம் இருந்தால் மாவட்ட மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் பெறாமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். இன்னொரு நல்ல வழி இருக்கிறது. விழாவை வளவில் நம் முறைப்படி நடத்துங்கள். வெளிநாட்டு நண்பர்களுக்கு மறுநாள் இரவு, உரிமம் உள்ள ஹோட்டல் ஒன்றில் தனியாக விருந்து வையுங்கள். ஒயின் அவர்கள் பட்டியலிலிருந்தே வரட்டும், பொறுப்பும் அவர்களுடையதாகிவிடும்.

ஆச்சியின் பேச்சை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது பெரிய காரணமாகவே படுகிறது. அந்த வளவில்தான் சாமி வீடு இருக்கிறது, அங்கேதான் உங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் நடந்திருக்கும். அது உங்களுக்கு மட்டும் உரிய இடமும் இல்லை. பங்காளிகள் எல்லாருக்கும் பொது. உங்கள் அறையில் ஒரு பாட்டில் வைப்பது உங்கள் விருப்பம். பொதுவான இடத்தில் மது பரிமாறுவது என்றால் பங்காளிகள் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் விழா கசந்துவிடும். மணிவிழாவில் உங்களுக்குச் சமமாக மணையில் உட்காரப் போகிறவர் ஆச்சி. அவருக்குப் பிடிக்காத ஒன்று அந்த நாளில் வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, கிளப்பே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலைக்குக் காரில் போய் வரும் தூரத்தில் குடியிருந்து, கணவனும் மனைவியும் இரவு உணவோடு பகிர்ந்து குடிப்பவர்களாக இருந்து, அந்த ஆலையின் ஒயின் கடைகளில் கிடைக்காததாகவும் இருந்தால், நான் சேரச் சொல்வேன். அப்போது பெட்டியை நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம், அனுப்பும் கூலி மிச்சம். உறுப்பினர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கும் சிறிய அளவு ஒயின்களும் கிடைக்கும். சிறிய ஆலைகளுக்கு அந்தப் பணம் உயிர்நாடி. அவர்களோடு ஓர் உறவு வளர்வதும் நல்ல விஷயம். என்றைக்காவது மகன் அப்படி ஒரு நிலைக்கு வந்து சேர விரும்பினால், கையெழுத்துப் போடுமுன் விதிகளை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை பெட்டி வாங்கிய பிறகு விலகலாம், பிடிக்காத பாட்டிலை மாற்றித் தருவார்களா, ஊரில் இல்லாத மாதம் நிறுத்தி வைக்கலாமா, விலையை அவர்கள் உயர்த்தினால் முன்கூட்டித் தெரிவிப்பார்களா. தானாகப் பணம் எடுக்கும் ஒப்பந்தங்களில் விதிகளைத் தெளிவாகக் காட்ட வேண்டும், இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே விலக வழி செய்ய வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நம் சாப்பாட்டைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ஹோட்டல்களில் நான் அதிகம் தவறு பார்ப்பது இதில்தான். உங்களுக்குப் பிடித்தது கேபர்னேயாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், நாபாவின் பெருமை அதுதானே. அதில் கடுக்காயைக் கடித்தது போன்ற ஒரு துவர்ப்பு உண்டு, டானின் என்பார்கள். மிளகாயின் எரிச்சலோடு அந்தத் துவர்ப்பும், 14 சதவீதத்தைத் தாண்டும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் தீப்பற்றும். உப்புக்கறிக்கோ மிளகாய் தூக்கலான கோழிக்கோ அதைத் துணை வைத்தால் கறியும் கெடும், ஒயினும் கெடும். நம் காரத்துக்கு இலேசான இனிப்பு உள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின்தான் தோது. ரீஸ்லிங் கிடைத்தால் நல்லது. நாசிக் பக்கத்தில் செய்யும் செனின் பிளாங்க் நம் கோழி வறுவலோடு அழகாகப் பொருந்தும், விலையும் நாபாவுக்குப் பக்கத்தில் வராது. கல்பாசியும் அன்னாசிப்பூவும் தூக்கலாக உள்ள குழம்புக்கு ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயின். மறுநாள் விருந்துக்கு ஹோட்டல்காரரிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை அந்த ஆலைக்கு மறுபடி போங்கள், சுவைப்புக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய், இம்முறை துப்பிச் சுவையுங்கள். அப்போதும் மனத்தில் நிற்கும் ஒயினில் மூன்று பாட்டில் வாங்குங்கள். ஒன்றை மகன் வீட்டில், மருமகள் சமைத்த சாப்பாட்டோடு, நண்பர்கள் வரும் சனிக்கிழமையாகப் பார்த்துத் திறங்கள். ஆறு பேர் பகிர்ந்தால் ஒரு சொட்டும் வீணாகாது. மற்ற இரண்டையும் உங்கள் கணக்கிலேயே ஊருக்குக் கொண்டுவரலாம், ஆச்சியின் பெட்டியைத் தொட வேண்டாம். காலுறைக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவே வைத்து, விமானத்தில் சரக்கில் போடும் பெட்டியில் அனுப்புங்கள். சென்னையில் இறங்கியதும் அந்தப் பெட்டியைக் காரின் பின்பக்க டிக்கியில் வெயிலில் விட்டுவிட்டு வழியில் சாப்பிட இறங்காதீர்கள். முடிந்தால் இரவு ரயிலில் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பின்கட்டு அறைக்குப் போகாமல், குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் கீழ்த் தட்டில் படுக்க வைத்து ஒரு வாரம் விடுங்கள். குடிக்க அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும், நம் ஊர்ச் சூட்டுக்கு அதுவே சரியான பதத்துக்கு வந்துவிடும். அன்று சமையலில் மிளகாயைக் குறைத்து, வெறும் மிளகும் உப்பும் போட்ட ஆட்டுக்கறி வறுவலாகச் செய்யச் சொல்லுங்கள்.